குரல் உடைந்த பிறகும் பாட்டு உடையவில்லை: மலையகத்து எம்.ஜி.ஆர். ரசிகர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அவர் எந்தப் பட்டப்பெயரைச் சொல்கிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். "புரட்சி நடிகர்" என்றால், அவர் மனதில் பதிந்தது பெரும்பாலும் 1972 க்கு முந்திய ஆள். "புரட்சித் தலைவர்" என்றால் அதற்குப் பிந்தியவர். "வாத்தியாரு" என்று சொன்னால் காலம் பிடிபடாது. அந்தச் சொல் எல்லா மாற்றங்களையும் தாண்டி வந்தது. ரசிகர் வாயில் தங்கிவிட்ட ஒரு பெயர், அவர் அந்த நட்சத்திரத்தின் எந்த வடிவத்தோடு நின்றுகொண்டார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு நட்சத்திரம் தன் உருவை மாற்றிக்கொண்டே போனால், அவரை நம்பியிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். எம்.ஜி.ஆரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர் 1917 ஜனவரி 17 ஆம் திகதி கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, குடும்பத்தோடு இந்தியா போனவர். இருபது வருட காலத்துக்குள் அவர் குரல் மாறியது, தலைக்கோலம் மாறியது, கட்சி மாறியது, தொழில் மாறியது, கடைசியில் உடலும் மாறியது. அதே இருபது வருடத்தில் அவருடைய மலையக ரசிகர்களின் வாழ்க்கையும் தலைகீழாகப் புரண்டது. இரண்டு மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் வேறெந்த நடிகரிடமும் இல்லை.

இங்கே ரசிகர்களைப் பற்றிச் சொல்வது எந்த ஒரு தோட்டத்தையும் எந்த ஒரு மன்றத்தையும் குறிப்பதல்ல. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாழ்க்கையின் பொது அமைப்பை வைத்துச் செய்த வாசிப்பு. ஆண்டுகளும் சட்டங்களும் பதிவில் உள்ளவை.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒரு ரசிகருக்கு நட்சத்திரம் எந்த வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தாரோ, அந்த வாய்க்காலில் மாற்றம் வந்தால்தான் அவருக்கு வலிக்கிறது. மற்ற எந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் வந்தாலும் அது அவருக்குச் செய்தி மட்டும்தான். மலையகத்தில் எம்.ஜி.ஆர். வந்த வாய்க்கால் பாட்டு.

1967: தொண்டையில் பாய்ந்த குண்டு

1967 ஜனவரி 12 ஆம் திகதி சக நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். பேச்சு பழையபடி திரும்பவில்லை. சொற்கள் குழறின. ஒரு கதாநாயகனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. இரவல் குரல் வைத்துப் படத்தை முடித்திருக்கலாம். அவர் தன் குரலிலேயே பேசினார். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த படம் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். தமிழ்நாட்டு ரசிகருக்கு அந்தக் காயத்துக்கு மருந்தாகச் செய்ய ஒரு வேலை கிடைத்தது: வாக்குப் போடலாம்.

மலையகத்து ரசிகருக்கு அந்த வேலை கிடையாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து, இந்தியப் பரம்பரையினர் என்று கணக்கிடப்பட்ட தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை வாக்கில்லாதவர்களாக ஆக்கியிருந்தன. இந்த நாட்டிலும் வாக்கு இல்லை, அந்த நாட்டிலும் இல்லை. நட்சத்திரத்தின் காயத்தைத் தன் காயமாக ஏற்றுக்கொண்டவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் இருக்கவில்லை.

அப்படியிருந்தும் குரல் மாற்றம் இங்கே பெரிய அதிர்ச்சியாகப் பதியாமல் போவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. லயத்துக் காம்பிராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், எம்.ஜி.ஆர். தினமும் வந்தது ரேடியோ வழியாக. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை திரைப்பாடல்களை அள்ளிக் கொடுத்த காலம் அது. தென்னிந்தியாவிலேயே அதைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். லயத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரி ரேடியோதான். ஒரு லய வரிசையில் ஒன்று இரண்டு பேரிடம் இருக்கும். மலையால் இறங்கி வந்தவர்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே எம்.ஜி.ஆராகப் பேசியவர் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன். அந்தத் தொண்டையில் குண்டு பாயவில்லை. 1967 க்கு முன்னும் பின்னும் பாட்டு ஒரே மாதிரிதான் வந்தது. 1969 இல் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எம்.ஜி.ஆருக்குப் பாடத் தொடங்கினார். எழுபதுகளில் யேசுதாஸும் பாடினார். பாடும் குரல் மாறலாம், ஆனால் ஒருநாளும் உடையாது. உடைந்த குரலைக் கேட்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போய் டிக்கெட் வாங்க வேண்டும். அது மாதத்துக்கு ஒருமுறை, சில வீடுகளில் பண்டிகைக்கு ஒருமுறை.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. நான்கு ஒலித்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும்: 1967 க்கு முந்திய வசனம் ஒன்று, பிந்திய வசனம் ஒன்று, முந்திய பாட்டு ஒன்று, பிந்திய பாட்டு ஒன்று. பாட்டை முதலில் போடுங்கள். "இது எந்த வருஷம் இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். வித்தியாசம் என்ன என்று கேட்கக் கூடாது. துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்தால் வேலை கெட்டுப்போகும். எல்லோரும் அறிந்த அந்தக் கதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வாயில் வந்து நின்றுவிடும், ஆளின் சொந்த ஞாபகம் அதற்குள் மறைந்துபோகும். சம்பவத்தைக் கடைசியாகக் கேட்க வேண்டும், கேட்காமலே அவர் சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டால் ஆண்கள்தான் பதில் சொல்வார்கள். படம், சண்டை, கட்சி, சிவாஜி என்று பேச்சு போகும். பெண்கள் உள்ளே அடுப்படியில் இருப்பார்கள். பாட்டை மலையில் கொழுந்தெடுக்கும்போது வாயில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) அல்லது கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்க வேண்டும், அதுவும் ஒரு பெண் கேட்க வேண்டும். தாயை மதிக்கிற மகன், குடிக்காத ஆம்பிளை என்று திரையில் எம்.ஜி.ஆர். கட்டிக் காத்த உருவம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது, மாதச் சம்பளம் கையில் வந்த நாளில் சாராயக் கடைப் பக்கம் போகும் கால்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் அவர் குடிப்பதையும் புகைப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தார். எந்த மாற்றத்திலும் அவர் இதைக் கைவிடவில்லை. அவருடைய ரசிகைகள் கலையாமல் இருந்ததற்குப் பெரிய காரணமாக இதையே கருதுகிறோம்.

தொப்பியும் கண்ணாடியும்

எழுபதுகளில் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வந்தன. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தை மறைக்கும் கோலம் ஒரு நடிகருக்கு இழப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது சுவரில் மாட்டும் படத்துக்கு மிக வசதியான அடையாளமாகிவிட்டது. மங்கிப்போன கலண்டர் தாளில், அடுப்புப் புகை படிந்த கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே கூட, தொப்பியும் கண்ணாடியும் தெரிந்தால் போதும். குழந்தைகூட ஆளைச் சொல்லும்.

1972: நடிகர் கட்சி தொடங்கினார்

1972 ஒக்டோபர் மாதம் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். 17 ஆம் திகதி அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. இலங்கையிலும் திராவிட முன்னேற்றக் கழகம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்து, தோட்டங்களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. சுயமரியாதை, சாதி எதிர்ப்பு, வாசிகசாலை என்று அதன் வழியாக எழுந்து வந்த இளைஞர்கள் பலருக்கு எம்.ஜி.ஆரும் கழகமும் ஒரே மரத்தின் கிளைகள். அவர்களுக்கு இந்தப் பிரிவு நிஜமான சிக்கல். ஒரு பக்கம் கொள்கையைக் கொடுத்த இயக்கம், மறு பக்கம் அந்தக் கொள்கைக்கு முகம் கொடுத்த மனிதர்.

ஆனால் இது தோட்டம் தோட்டமாக வெடித்த சண்டையாகவில்லை. மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, செய்தி மெதுவாக வந்தது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் வெளிநாட்டுப் படங்களைத் தருவிப்பது அதன் கைக்குப் போனது. வந்த படங்கள் பிந்தி வந்தன, பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. சென்னையில் அவர் புதிய கொடியோடு மேடையேறியபோது, மலையகத்து டவுன் கொட்டகையில் அவர் பழைய நிறச்சட்டையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கக்கூடும். காலம் பிந்தி ஓடிய திரை, ரசிகரை அதிர்ச்சியிலிருந்து காத்தது.

இரண்டாவது காரணம் சிவாஜி. ஒவ்வொரு தோட்டத்திலும் எதிர்க்கட்சி இருந்தது. எம்.ஜி.ஆர். செய்தது பிழை என்று ஒரு ரசிகர் ஒத்துக்கொண்டால், அடுத்த காம்பிராவில் இருக்கும் சிவாஜி ரசிகருக்கு முன்னால் அவர் தோற்றதாகும். போட்டி ரசிகர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது, நட்சத்திரத்தின் மாற்றத்தைப் பற்றிய சந்தேகம் வெளியே வராது. மனதுக்குள் கிடக்கும். இன்றைய ரசிகர் கூட்டங்களிலும் இதே பொறிமுறைதான் இயங்குகிறது. வெளியில் வாதாடிய அதே ஆள் உள்ளுக்குள் எப்போதோ விலகியிருப்பார், அது நீண்ட காலத்துக்கு யாருக்கும் தெரியாது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி. அரிசியும் மாவும் குறைந்தன, வேலை நாள் குறைந்தது, ஆட்கள் செத்தார்கள். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையானதும் பல தோட்டங்களில் வேலையையும் இருப்பிடத்தையும் கேள்விக்குறியாக்கின. அந்தக் காலத்தில் ஒரு நடிகர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பது யாருக்கும் தலைபோகிற விஷயமாக இருந்திருக்க முடியாது.

இரண்டு பதவியேற்புகள்

1977 ஜூன் 30 ஆம் திகதி எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டு முதலமைச்சரானார். மூன்று வாரம் கழித்து, ஜூலை 21 ஆம் திகதி இலங்கைப் பொதுத் தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1947 க்குப் பிறகு தோட்ட மக்களின் வாக்கில் ஒருவர் வென்றது அப்போதுதான். ஓகஸ்ட் மாதம் இனக்கலவரம் வெடித்தது. தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின.

மலையகத்து ரசிகருக்கு இந்த வருடத்தில்தான் "நடிகர்" என்ற வாய்க்கால் அடைபடத் தொடங்கியது. 1978 ஜனவரியில் அவருடைய கடைசிப் படம் வெளியானது. இனிப் புதுப் படம் இல்லை. ஆனால் பாட்டுகள் இருந்தன, பழைய படங்கள் ஓடின. இங்கே அவர் முதலமைச்சராக எந்த வாசலாலும் உள்ளே வரவில்லை. அவருடைய ஆட்சியின் ரேஷன் கார்டு இங்கே கிடையாது, அவருடைய போலீஸ் இங்கே கிடையாது. ஆகவே கடலுக்கு இந்தப் பக்கம் அவர் கடைசிவரை கதாநாயகனாகவே இருக்க முடிந்தது.

இதை விளங்கிக்கொள்ள மாசி மாதத்துக் காமன் கூத்து உதவும். காமன் பொட்டலில் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, மன்மதனாகவும் ரதியாகவும் வேஷம் போட்டவர்களைத் தோட்டம் கும்பிடும். வேஷம் கட்டியவர் மறுமாதம் எங்கள் கூடவே பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) நிற்கும் ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், காப்பு இருக்கும்வரை அவர் காமன். எரிந்தாலும் எழுவார். வேஷத்தையும் ஆளையும் குழப்பிக்கொள்ளும் அறியாத சனம் என்று எம்.ஜி.ஆர். ரசிகர்களைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியது உண்டு. மலையகத்தைப் பொறுத்தவரை அது சரியல்ல. இங்கே சனங்களுக்கு வேஷம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவர்கள் எம்.ஜி.ஆருக்குக் கட்டிய காப்பை அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். அவிழ்க்கும் சடங்கு கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

கப்பலேறியவர்கள்

இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று மக்களைப் பங்கு போட்டது. 1974 இல் சிறிமாவும் இந்திராவும் அந்த மிச்சத்தை 75,000, 75,000 என்று பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகம் "அழுகைக் கோச்சி" என்றது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து நீலகிரி, கொடைக்கானல், திருச்சி என்று சிதறினார்கள். நீலகிரியில் 1968 இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பிற்காலத்து டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்), இவர்களுக்காகவே போடப்பட்டவை. கொழுந்து அதே கொழுந்து, குளிர் அதே குளிர். இலங்கையில் "இந்தியாக்காரன்" என்று அழைக்கப்பட்டவர் அங்கே "சிலோன்காரன்" ஆனார்.

எம்.ஜி.ஆர். ரசிகராகக் கப்பலேறியவரை நினைத்துப் பாருங்கள். தான் பிறந்த மண்ணை விட்டு, தன் நாயகன் ஆளும் மண்ணுக்குப் போகிறார். அந்த நாயகனோ தான் விட்டுவந்த மண்ணில் பிறந்தவர். வாழ்க்கையில் முதல்முறையாக வாக்கும் கிடைக்கிறது. ரசிகர் ஒருவருக்கு இதைவிட நெருக்கம் வாய்க்காது.

ஆனால் வாய்க்கால் மாறிவிட்டது. இதுவரை பாட்டாக வந்தவர் இனி அரசாங்கமாக வருகிறார். கடன் மனு எழுதும் இடம், பட்டா கேட்டுப் போகும் இடம், சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் வரிசை, எல்லாம் அவருடைய ஆட்சி. அகதியைப் போல் வந்து இறங்கியவர்களில் பலர் கொடைக்கானல் மலைக்காடுகளில் கடனுக்குக் கொத்தடிமையாகச் சிக்கினார்கள். புனர்வாழ்வுக் கடன் கைக்கு வருமுன்னே இடைத்தரகர் பங்கு பிடித்தார். திரையில் இப்படி ஓர் அநியாயம் நடந்தால் மூன்றாவது காட்சியில் நாயகன் வந்து நிற்பார்.

இங்கே ரசிகர் மனம் எப்படித் தன்னைக் காத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா?" என்ற கேள்வி. நட்சத்திரம் நல்லவர், கீழே இருப்பவர்கள் மறைக்கிறார்கள். எல்லா நாட்டு ரசிகர்களும் பிடித்துக்கொள்ளும் கயிறு இது. தோட்டத்து மக்களுக்கு இந்தக் கயிறு நூறு வருடமாகப் பழக்கம். பெரிய துரை, அதாவது தோட்டத்து மேலாளர், பங்களாவில், எட்டாத உயரத்தில் இருப்பார். பேர் (ஒரு நாள் சம்பளம்) வெட்டுவதும் கொழுந்து நிறையில் குறைப்பதும் அவருக்குக் கீழே உள்ள கங்காணி, கணக்கப்பிள்ளை. துரையிடம் நேரில் போனால் நியாயம் கிடைக்கும் என்று நம்பியே நாட்களைத் தள்ளியவர்கள், முதலமைச்சரையும் அதே படிநிலையில் வைத்துப் புரிந்துகொண்டார்கள். அதற்காக அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல முடியாது. தோட்ட நிர்வாகம் அவர்களுக்குக் கற்பித்த அறிவு அது.

அந்தக் கயிற்றை அறுக்காமல் காத்த செயலும் ஒன்று உண்டு. 1982 ஜூலை 1 ஆம் திகதி தொடங்கிய சத்துணவுத் திட்டம். பட்டினியில் இருந்து ஓடி வந்த குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியில் சுடுசோறு கிடைத்தால், அந்தத் தாய்க்கு வேறு சாட்சி தேவையில்லை. கொடுக்கும் கை என்று பாட்டில் கேட்டது தட்டில் வந்தது. உருவம் நடிகரிலிருந்து முதலமைச்சருக்கு மாறியபோது உடையாமல் கடந்து வந்த ஒரே பாலம் இதுதான் என்று துணிந்து சொல்லலாம். பட்டா விஷயத்தில் உடைந்தவர்கள் சோற்று விஷயத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் போய், தம்பி இங்கே தங்கியிருந்தால், இருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்வது இந்த ஆய்வில் மிகப் பயனுள்ள வேலை. ஒரே வீட்டில், ஒரே ரேடியோவில் ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவருக்கு வாய்க்கால் மாறியது, மற்றவருக்கு மாறவில்லை. வேறு எங்கே போய்த் தேடினாலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. தாமதிக்கக் கூடாது.

1983 முதல் 1987 வரை

1983 ஜூலைக்குப் பிறகு எம்.ஜி.ஆர். ஈழப் போராட்டத்துக்கு வெளிப்படையாகத் துணை நின்றார். சுவரில் அதுவரை சினிமாப் படமாகத் தொங்கிய ஒன்று இப்போது அரசியல் படமாகவும் வாசிக்கப்படக்கூடியதாயிற்று. சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டத்தில் இருந்தவருக்கு இது சிறிய விஷயமல்ல. கலவரத்தில் வீடு எரிந்தவருக்கு, தன் பக்கம் பேச ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்ற ஆறுதல். அதே நேரம், அந்தப் பேச்சில் வடக்கு, கிழக்கின் கோரிக்கைதான் முன்னால் நின்றது. நாடற்றவர், சம்பளம், லயம் என்ற மலையகத்துப் பிரச்சினைகள் பின்னால் போயின. 1984 இல் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் தங்கியவர்கள் நிறைய.

அந்த ஒக்டோபரில் அவர் நோயில் விழுந்தார். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே டிசம்பர் தேர்தலில் வென்றார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட, ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ தமிழ்நாடெங்கும் போட்டுக் காட்டப்பட்டது. 1985 பெப்ரவரியில் திரும்பி வந்தவருக்குப் பேச்சு இரண்டாம் முறையாகக் குலைந்திருந்தது. மலையகத்தில் அப்போதும் ரேடியோவில் சௌந்தரராஜன் பாடிக்கொண்டிருந்தார். 1987 டிசம்பர் 24 ஆம் திகதி எம்.ஜி.ஆர். காலமானார்.

ஒப்பீட்டுக்கு ஒரு பொப்பிசைப் பாடகர்

வாய்க்கால் பற்றிய எங்கள் கருத்தைச் சோதிக்க ஏ.ஈ. மனோகரன் உதவுவார். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர். "சுராங்கனி" அவர் குரலில் கடலைத் தாண்டியது. பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் சிலோன் மனோகர் என்ற பெயரில் படங்களில் வில்லனானார். 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தார்.

கொண்டாட்டப் பாடகர் வில்லனாவது, காகிதத்தில் பார்த்தால் எம்.ஜி.ஆர். கண்ட எந்த மாற்றத்தையும்விடப் பெரியது. ரசிகருக்கு வலிக்கவில்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அவர் பாட்டுத் தொடர்ந்து ஒலித்தது. அவர் வந்த வாய்க்கால் கூத்தும் சிரிப்பும். அதில் ஒழுக்கத்தைப் பற்றிய வாக்குறுதி எதுவும் இருக்கவில்லை, ஆகவே வில்லன் வேஷம் எதையும் மீறவில்லை. எம்.ஜி.ஆர். ஒரே ஒரு படத்தில் திருந்தாத குடிகாரனாக நடித்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை இதோடு வைத்துப் பார்த்தால், எந்த மாற்றம் உண்மையில் பெரியது என்பது விளங்கும்.

இன்றைய மன்றங்களுக்கு

தோட்டப்புறத்தில் இன்று நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. பிறந்தநாளுக்கு இரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி (நோட்டுப் புத்தகம்) விநியோகம், பெனர், கேக். நட்சத்திரம் திடீரென அரசியலுக்குப் போனாலோ, பாட்டின் தன்மையை மாற்றினாலோ, சொந்த வாழ்க்கையில் சிக்கலில் மாட்டினாலோ, முதலில் உடைவது காசு விஷயத்தில்தான். கொப்பிக்கு என்று சேர்த்த சந்தாவைப் புதுக் கட்சிக் கொடிக்குச் செலவழித்துவிட்டார்கள் என்று சண்டை வரும். நட்சத்திரத்தின் மேல் வந்த கோபம் பொருளாளர் தலையில் விழும்.

செய்யக்கூடியவை சில. சந்தாவை எதற்கென்று சேர்த்தீர்களோ அந்தப் பெயரிலேயே தனிக் கணக்கில் வையுங்கள், கொப்பிக் காசு கொப்பிக்கு மட்டும். ஓர் ஆள் ஒரு வருடத்துக்குக் கொடுப்பது ஒரு நாள் பேருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் கொடுத்தவர் தன் இழப்பைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார், அங்கேதான் பகை பிறக்கிறது. குழுவின் அட்மின் பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் தோட்டத்தின் வேறு டிவிசனில் (பிரிவில்) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோபத்தில் ஒருவர் குழுவையே அழித்துவிடுவார், பத்து வருடப் படங்கள் போய்விடும். பெரிய மாற்றம் நடந்த வாரத்தில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வாக்கெடுப்பு வைத்தால் பயந்தவர் வாயை மூடுவார், கத்துகிறவர் வெல்வார். ஒரு மாதம் பொறுத்து, ஆளுக்கு ஆள் தனியே பேசிப் பார்த்தால் உண்மையான கணக்கு வரும். நிரந்தரமாக நிற்கும் எதிலும், அது வாசிகசாலைக் கதவாக இருந்தாலும் பீலிக்கரைத் தூணாக இருந்தாலும், பட்டப்பெயரை எழுதாதீர்கள். பட்டம் மாறும். மன்றத்தின் பெயரும் வருடமும் போதும்.

சுவர்

2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேசியபோது, இந்த மண்ணில் பிறந்தவர் என்று எம்.ஜி.ஆரை நினைவூட்டினார். அதே மேடையில், முன்பே அறிவித்திருந்த 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்தார். இறந்து முப்பது வருடம் கழித்து எம்.ஜி.ஆர். இன்னொரு முறை உருமாறினார், இம்முறை இரு நாட்டு உறவின் அடையாளமாக. மைதானம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் பாட்டுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

லயத்தை விட்டுப் புதுவீட்டுக்குப் போகும் குடும்பங்கள் இன்று ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது. லயத்துச் சுவரில் முருகன், மாரியம்மன், செத்துப்போன தாத்தா, எம்.ஜி.ஆர். எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். புதுவீட்டில் சாமிக்குத் தனி இடம், வரவேற்பறையில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம். எம்.ஜி.ஆர். எங்கே போவார் என்பதைப் பெரும்பாலும் மருமகள் தீர்மானிப்பார்.

வீடு மாறும் முன் அந்தச் சுவரை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நேராக நின்று, முழுச் சுவரும் விழும்படி, காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல். படச் சட்டத்தைக் கழற்றும்போது பின்பக்கத் தட்டியை மெதுவாகத் திறந்து பாருங்கள். புதுப் படம் வாங்கியவர்கள் பழையதை எறிய மனமில்லாமல் அதன் பின்னாலேயே வைத்து மூடியிருக்கக்கூடும்: தொப்பிக்குப் பின்னால் சுருள்முடி, அதற்கும் பின்னால் ராஜா வேஷம். தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்க முயலாதீர்கள், கிழிந்துவிடும். ஓரங்களை மட்டும் எண்ணி, எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று ஒரு துண்டில் எழுதி, அதையும் உள்ளே வைத்து மூடுங்கள்.